ஒரு லாகினில் இரண்டு கைகள்

எங்கள் 'மேசை' ப்ரோகிராமை நீங்களும் பயன்படுத்தியிருப்பீர்கள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நூல் மில், வாடகைக் கார் கம்பெனி என்று எங்கே உட்கார்ந்து கடிதம் அடித்தாலும் கணக்குப் போட்டாலும் இன்றைக்கு அதில்தான். ஆனால் உங்கள் திரையும் பக்கத்து நாற்காலிக்காரரின் திரையும் ஒன்றில்லை என்பது உங்களுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்று விதி எழுதியவள் நான்.

என் பெயர் பூங்கோதை. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் இருக்கிற எங்கள் கம்பெனியில் திரை வடிவமைப்புக்குத் தலைவி. தலைவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும் என்று நாள் முழுக்கச் சண்டை போடுகிற வேலை. அந்தச் சண்டையில் எனக்கு நிரந்தர எதிர்க்கட்சி தெய்வசிகாமணி சார். மேசையின் கணக்குப் பகுதி முழுவதும் அவர் தலையில் பிறந்தது. அவர் எழுதிய ஃபார்முலாக்களை வைத்துத்தான் பாதி ஊரின் சம்பளமும் மருந்து இருப்பும் ஓடிக்கொண்டிருந்தன. எத்தனை பட்டன் இருக்கிறதோ அத்தனையும் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. அத்தனையையும் பார்த்தாலே பாதிப் பேருக்குத் தலை சுற்றுகிறது என்பது என் கட்சி.

"அம்மணி, நீங்க ஊருக்கே ஊட்டி விடப் பாக்கறீங்க," என்பார். "எடுத்துத் திங்கத் தெரிஞ்சவனுக்கும் சேத்து ஊட்டி விட்டா, அப்புறம் அவன் கை எதுக்கு?"

"எடுத்துத் திங்கத் தெரியாதவங்களுக்கும் பசிக்குதுங்களே சார்," என்பேன் நான்.

சண்டை முடிந்ததும் இரண்டு பேரும் கேண்டீனில் ஒரே தட்டில் பஜ்ஜி சாப்பிடுவோம். அப்படிப்பட்ட எதிர்க்கட்சி.

'மடிப்பு' என்னுடைய யோசனை. எளிய திரை, முழுத் திரை என்று இரண்டு வைத்து ஆளே தேர்ந்தெடுக்கட்டும் என்று முதலில் விட்டுப் பார்த்தோம். எளிய திரையை யாரும் தொடவே இல்லை. எனக்கு எளிது போதும் என்று நம்ம ஊரில் எவன் ஒப்புக்கொள்வான்? எல்லோரும் முழுத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு விழி பிதுங்கிக்கொண்டிருந்தார்கள். அதனால் தேர்ந்தெடுக்கிற வேலையை மேசையிடமே கொடுத்தேன்.

"அதுக்கு எப்படீங்க தெரியும், யாருக்கு எவ்வளவு போதும்னு?" என்று எம்.டி. கேட்டார்.

"கையைப் பாக்குதுங்க சார். மவுஸ் எங்க தயங்குது, எந்த மெனுவைத் திறந்துட்டு ஒண்ணும் பண்ணாம மூடறாங்க, ஒரே தப்பை எத்தனை தடவை திரும்பப் பண்றாங்க. அவங்களால சமாளிக்க முடியாததைக் கொஞ்சம் கொஞ்சமா மடிச்சு உள்ள வெச்சுரும். தேறிட்டாங்கன்னா மறுபடி விரிச்சுக் குடுத்துரும்."

"விரிச்சுக் குடுத்திருக்குதுங்களா?" என்று பின்வரிசையிலிருந்து சிகாமணி சார் கேட்டார். "சோதனையில யாருக்காச்சும் விரிஞ்சுதா அம்மணி?"

"ரெண்டு மூணு பேருக்குங்க சார்."

"மடிஞ்சது?"

நான் அடுத்த ஸ்லைடுக்குப் போனேன். அவர் சிரித்தார். "எங்க வீட்டம்மா பட்டுப் புடவையை அப்பப்ப எடுத்து மடிப்பு மாத்தி வெப்பாங்க. ஒரே மடிப்புல கெடந்தா அந்த மடிப்புலயே துணி இத்துப் போயிருமாம். உங்க ப்ரோகிராமுக்கு அது தெரியுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மடிப்பு ஜெயித்தது. சொல்லாமல் மடிக்க வேண்டும் என்ற விதியும் அந்தச் சோதனையில்தான் வந்தது. ஒரு மில்லின் தலைமை எழுத்தரிடம், உங்கள் திரையை இவ்வளவு சுருக்கியிருக்கிறோம் என்று காட்டினோம். அந்த மனிதர் கண் கலங்கிப்போய் மறுநாள் வேலைக்கே வரவில்லை. சொல்லாமல் மடித்தவர்களோ, புது மேசை பழகச் சுலபமாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். அப்படியானால் எதற்குச் சொல்லி நோகடிக்க வேண்டும்? யாருக்கும் சொல்லக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். கம்பெனியில் எல்லோருக்கும் அந்த விதி பிடித்தது, சிகாமணி சாரைத் தவிர.

மடிப்பு வெளியே போனதும் புகார்கள் நின்றுபோயின. ஆபீஸ்களில் ஒரு அமைதி வந்தது. எனக்கு அந்த அமைதி பெருமையாக இருந்தது.

*

சிகாமணி சார் முதுகு வலி வந்த பிறகு வீட்டிலிருந்துதான் வேலை பார்த்தார். திங்கட்கிழமை மட்டும் ஆபீஸுக்கு வருவார். அப்படி ஒரு திங்கட்கிழமை என் அறைக்குள் வந்து, லேப்டாப்பை என் முன்னால் வைத்தார்.

"அம்மணி, உங்க மடிப்பு கடைசியில என்னையே மடிக்குது. இங்க ஒரு மெனு இருக்கும். நான் வெச்ச மெனு. காணோம். போன வாரம் இன்னொண்ணு காணாமப் போச்சு."

எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம். மேசையைக் கட்டியவரையே மேசை உட்கார வைத்துவிட்டதே என்று. ப்ரோகிராமில் பிழை இருக்கும், பார்க்கிறேன் என்று சொல்லி வாங்கி வைத்தேன்.

பிழை இல்லை. அந்த லாகினில் கை தயங்கியிருந்தது. திறந்த மெனுவையே திரும்பத் திரும்பத் திறந்திருந்தது. ஒரு வரிசையைக் கூட்டப் போய், பாதியில் நின்று, அழித்து, மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றிருந்தது. என் சந்தோஷம் அங்கேயே செத்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் வெளியே நின்று யாருக்கோ ஜோக் சொல்லிக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா, எப்போதும் போல.

அப்போதுதான் எனக்கு நம்ம ஊர் வழக்கம் ஞாபகம் வந்தது. ஒரு லாகின் என்றால் ஒரு ஆள் என்று நினைத்துத்தான் மடிப்பைக் கட்டியிருந்தோம். எந்த ஊரில் இருந்துகொண்டு அப்படி நினைத்தோமோ தெரியவில்லை. அதிகாரியின் பாஸ்வேர்டு உதவியாளரிடம் இருக்கும், உதவியாளருடையது செக்‌ஷன் முழுக்கத் தெரியும், பாதி ஆபீஸ்களில் மானிட்டர் மேலேயே ஒட்டியிருக்கும்.

"சார், உங்க பாஸ்வேர்டு வேற யாருகிட்டயாச்சும் இருக்குதுங்களா?"

"வீட்டுல டீச்சருக்குத் தெரியும். அபார்ட்மெண்ட் சங்கத்துக்கு அவதானே செகரெட்டரி? நோட்டீஸ், தண்ணி லாரிக் கணக்கு எல்லாம் என் லேப்டாப்புலதான் போடுவா. ஏன்?"

எனக்கு உயிர் வந்தது. அவர் மனைவி வனஜாட்சி, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேர் கை ஒரே லாகினில் கலந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"பிரிச்சுத் தர்றேங்க சார்," என்றேன்.

பிரிப்பது கஷ்டமில்லை. சமையலறையில் நடப்பது யார் என்று நமக்குக் காலடிச் சத்தத்திலேயே தெரிவதில்லையா, அந்த மாதிரி மேசைக்குக் கை தெரியும். பிரித்ததும் இரண்டு கைகள் தனித்தனியாக வந்தன. ஒன்று வேகமான கை. எங்கள் ஆபீஸிலேயே நாலைந்து பேருக்கு மட்டும் தெரிந்த மூலை முடுக்குக்கெல்லாம் போய், தேவையானதை மட்டும் தொட்டுவிட்டு வந்தது. இன்னொன்று தடுமாறுகிற கை. வந்த வழியை மறந்து அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.

மேசை கைகளைப் பிரித்துக் கொடுக்கும், பெயர் வைக்காது. பெயர் நான் வைத்தேன். முதல் கைக்கு 'சார்' என்றும் இரண்டாவதற்கு 'டீச்சர்' என்றும் தட்டினேன். எந்தக் கை எந்த நேரத்தில் வேலை செய்தது என்று பார்த்திருந்தால் போதும். பார்க்கத் தோன்றவே இல்லை. எவளுக்குத் தோன்றும்?

அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் எழுதிய விதியை நானே அன்றைக்கு மீறினேன். "சார், ரெண்டு கையில டீச்சரோடது தடுமாறுதுங்க. அவங்களை ஒரு டாக்டர்கிட்டக் காட்டிருங்க. இது பழக்கமில்லாதவங்க தடுமாற்றம் மாதிரி இல்லீங்க. தெரிஞ்சிருந்தது போயிட்டிருக்கற மாதிரி இருக்குதுங்க."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். "வனஜாவுக்கா?" என்றார். "போன மாசம் பால் பொங்கி அடுப்பே அணைஞ்சுபோச்சு. கேஸ் வாசம் வீடு பூரா. அவதான் மறந்திருப்பா. நான் கவனிக்காம இருந்துட்டேனே அம்மணி."

அன்றே இரண்டு காரியம் செய்தேன். அந்த லாகின் அவர் முகத்தைக் காட்டினால்தான் திறக்கும் என்று பூட்டு போட்டேன். அவருக்கு மடிப்பே வேண்டாம் என்று திரையை முழுசாக விரித்து, அவர் கையைப் பார்க்கிற வேலையையும் நிறுத்தினேன். அத்தனை பெரிய மனிதரின் கையை ஒரு ப்ரோகிராம் எடை போட வேண்டாம் என்று மரியாதையாக நினைத்துச் செய்தேன்.

*

அடுத்தடுத்த திங்கட்கிழமைகளில் அவர் பேச்சில் ஃபார்முலா போய் டீச்சர் வந்தார். டாக்டர் சோதித்துவிட்டு மறதி நோய், ஆரம்ப நிலை என்று சொல்லிவிட்டாராம். மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறாராம். இப்போதெல்லாம் காப்பி இவர்தான் போடுகிறாராம், காய் இவர்தான் நறுக்குகிறாராம். சொல்லும்போது அவர் முகத்தில் சோகத்தோடு சேர்ந்து ஒரு தெளிவும் இருந்தது. வேலை கிடைத்த மனிதனின் முகம்.

பிறகு ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

டயாலிசிஸ் நோயாளிகளை முறை வைத்து அழைக்கும் கணக்கை அவர்களுக்குச் சிகாமணி சார் போட்டுக் கொடுத்திருந்தார். அதை அவர் இப்போது திருத்தி அனுப்பியதில் ஒரு ஃபார்முலா பிசகி, ஒரு பிரிவு நோயாளிகள் முழுசாகக் காணாமல் போயிருந்தார்கள். அவர்களுக்கு அழைப்பே போகவில்லை. சிலர் தாங்களாகவே வந்து கேட்டுச் சண்டை போட்டார்கள். சண்டை போடத் தெரியாத ஒரு தறிக்காரர் வீட்டிலேயே காத்திருந்து, மூச்சு முட்டி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். பிழைத்துக்கொண்டார்.

நான் நேரில் போனேன். அந்தக் கணக்கைத் தினமும் ஓட்டுகிற பெண் அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

"ஆளு கொறையறாங்கன்னு உனக்குத் தெரியலையாம்மா?"

"தெரிஞ்சுதுங்க மேடம். எப்பவும் வர்ற பேரெல்லாம் இல்லையேன்னு பாத்தேன். என் ஸ்க்ரீன்ல 'சரி'ன்னு ஒரு பட்டன்தாங்க இருந்துச்சு. சரியில்லைன்னு சொல்ற பட்டன் எங்கீங்க மேடம் வெச்சிருக்கீங்க?"

அந்தப் பட்டன் இருந்தது. அவள் ஆறு மாதம் அதைத் தொடாததால் மடிந்து உள்ளே போயிருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. சொல்லக் கூடாதே.

திரும்பி வந்து சிகாமணி சாரிடம் அந்தக் கோப்பைக் காட்டினேன். வேறு யாருடையதையோ பார்ப்பது போல நெடுநேரம் பார்த்தார். "இது நான் பண்ணதில்லீங்க அம்மணி," என்றார். அவர் முகம் காட்டித்தான் அந்த லாகின் திறந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் பொய் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது.

வீட்டுக் கவலையில் கவனம் சிதறிவிட்டது என்று எம்.டி. சொன்னார். நானும் அதையே பிடித்துக்கொண்டேன்.

*

இரண்டு நாள் கழித்து வனஜாட்சி டீச்சர் ஆபீஸுக்கு வந்தார், தனியாக, பஸ் பிடித்து. மதியச் சாப்பாடு முடிந்து கேண்டீன் காலியாக இருந்தது. அங்கே உட்கார்ந்தோம். காட்டன் புடவை, பெரிய கண்ணாடி. வகுப்பில் பின்பெஞ்சுப் பெண்ணைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"பேரை மாத்தி வெச்சுட்டீங்க கண்ணு," என்றார்.

"எந்தப் பேருங்க டீச்சர்?"

"ரெண்டு கைன்னு அவருகிட்டச் சொன்னீங்களாமே. அதுல தடுமாறுற கை அவருது. இன்னொண்ணு என்னுது."

எனக்குப் புரிந்த நொடியில் கேண்டீனே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்த வேகமான கை. மூலை முடுக்கெல்லாம் தெரிந்த கை.

"ரெண்டு வருசமாச்சு," என்றார் டீச்சர். "சங்கத்து நோட்டீஸ் அடிக்க உக்காரும்போது அவரு போட்டு வெச்ச கணக்கு திறந்தபடி கெடக்கும். கணக்கு டீச்சர் கண்ணு எனக்கு. கூட்டல் தப்பா இருந்தா சோத்துல கல்லு மாதிரி படும். முதல்ல ஒண்ணு ரெண்டு. அப்புறம் நெறைய. அவரு வாக்கிங் போற நேரத்துல உக்காந்து திருத்துவேன். மொதல்ல உங்க பெரிய ஸ்க்ரீனைப் பாத்தா பயமாத்தான் இருந்துச்சு. அவரே எழுதுன கையேடு இருக்குதுல்ல, அதைப் பாடம் மாதிரிப் படிச்சேன். படிச்சா வராதது என்ன இருக்குது? திருத்தி வெச்சுருவேன், அவரு வந்து அனுப்புவாரு. பூட்டு போட்டீங்க பாருங்க, அதுக்கப்புறம்தான் என்னால முடியல."

"ஐயோ, டீச்சர்," என்றேன். அந்தத் தறிக்காரருக்கு மூச்சு முட்டியது என் மரியாதையால்.

"அப்ப டாக்டர் சொன்னது?"

டீச்சர் லேசாகச் சிரித்தார். "நூத்துல இருந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொன்னாரு. தொண்ணூத்தி மூணு சரியாச் சொன்னேன். அப்புறம் எம்பத்தஞ்சுன்னேன். அப்புறம் எழுவத்தி நாலு. முப்பது வருசம் சொல்லிக் குடுத்தவ கண்ணு நான். தப்பாச் சொல்றதுக்கு எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா?"

"ஏனுங்க டீச்சர் அப்படிப் பண்ணீங்க?"

"அவரு வந்து என் கையைப் பிடிச்சுட்டு, வனஜா உனக்கு ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்னாரு. எனக்கு அப்பவே விளங்கிப்போச்சு. எனக்கு ஒண்ணுமில்லைன்னு நான் சொன்னா, அப்ப அந்தக் கை யாருதுன்னு அவரு கேப்பாரு. கேட்டா அவருக்குத் தெரிஞ்சிரும்."

"தெரியத்தானே வேணும்? வைத்தியம் பண்ண வேண்டாமுங்களா?"

"எனக்கு எழுதுன மாத்திரையை அவருக்குத்தான் குடுக்கறேன். பிரஷர் மாத்திரைன்னு போட்டுக்கறாரு." அவர் குரல் அப்போதுதான் உடைந்தது. "கோதை, அந்த மனுசன் பொறந்ததுல இருந்து தெரிஞ்சவராவே இருந்தவரு. தெரியாதவரா ஒரு நாள் இருக்கச் சொன்னா தாங்க மாட்டாரு. இப்ப பாருங்க, என்னைப் பாத்துக்கணும்னு காலைல எந்திரிக்கறாரு. எனக்கு முடியலைன்னு சொல்லி வேலையை விடச் சொல்றேன். விடுவாரு. தலை குனியாம வெளிய வந்துருவாரு. இனி யாருக்கும் மூச்சு முட்டாது. நீங்க பேரை மட்டும் மாத்தாதீங்க. அப்படியே இருக்கட்டும்."

எனக்கு இது சரியென்று படவில்லை. ஒரு மனிதனின் நோயை அவனுக்கே சொல்லாமல் இன்னொருத்தி தலையில் ஏற்றிக்கொள்வது என்ன நியாயம்? அதைச் சொன்னேன். டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"நீங்கதானே விதி போட்டீங்க, யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு? அவரு வீட்டுக்கு வந்து அதைத்தான் திட்டித் தீப்பாரு. எனக்கு என்னமோ அது நல்ல விதியாத்தான் பட்டுச்சு."

நான் பெயரை மாற்றவில்லை. முகப் பூட்டை மட்டும் எடுத்துவிட்டேன்.

*

சிகாமணி சார் வேலையை விட்டார். மனைவியைப் பார்த்துக்கொள்ள ஓய்வு பெறுகிறார் என்று எம்.டி. பேசினார், எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினோம். அவர் லாகினை நான் மூடவில்லை. மடிப்பை மறுபடி போட்டுவிட்டேன். இரண்டு கைகளும் என் திரையில் தினமும் தெரிந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் லேப்டாப். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருவரும். அவர் டீச்சருக்கு மேசை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். திரையில் மிச்சமிருந்தது நாலைந்து பட்டன்கள்தான். அவருக்காக மடிந்த திரை அது.

"பாவம் அம்மணி, இவளுக்கு இப்ப இவ்வளவுதான் புரியுது," என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, "இங்க பாரு வனஜா, இதை அமுக்குனா எழுத்து தடிமனாகும். நீயே பண்ணு," என்றார்.

டீச்சர் மவுஸைப் பிடித்தார். அம்புக்குறியைச் சரியான பட்டன் வரை கொண்டுபோனார். அங்கே தயங்கி, வேண்டுமென்றே பக்கத்துப் பட்டனை அமுக்கினார்.

"அது இல்லடா," என்று சிகாமணி சார் அவர் கை மேல் தன் கையை வைத்து நகர்த்தினார். கல்யாணமாகி நாற்பது வருடம். அவர் டீச்சரை 'டா' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு தம்ளர் மோர் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஆபீஸில் நான் சும்மா இருக்கவில்லை. மடித்தால் ஆளிடம் சொல்ல வேண்டும், 'சரியில்லை' பட்டனை எவர் திரையிலும் மடிக்கவே கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். என் விதியை நானே எதிர்த்து எழுதியதைப் பார்த்து எம்.டி. சிரித்தார். "புகாரே வர்றதில்லீங்களே பூங்கோதை," என்றார். எதிர்க்கட்சி இல்லாத சபையில் என் பேச்சு எடுபடவில்லை.

இரண்டு மழைக்காலம் போனது. சிகாமணி சாரின் கைக்குத் திரை படிப்படியாக மடிந்து, கடைசியில் ஒரே பட்டனில் வந்து நின்றது. அது எதிர்பார்த்ததுதான். ஒரு நாள் மற்றக் கையைப் பார்த்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டீச்சரின் கை தயங்க ஆரம்பித்திருந்தது. நடிக்கிறார், நன்றாக நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். நடிக்கிறவர் கை தப்பான பட்டனுக்குப் போகும்முன் சரியான பட்டனைத் தொட்டு வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கண்ணால் பார்த்தது அது. இப்போது அந்தக் கை சரியான பட்டன் பக்கமே போகவில்லை.

இத்தனை நாளாக டீச்சர் தன் பெரிய திரையை விட்டுவிட்டு, கணவரோடு கணவரின் திரைக்குள்ளேயே குடியிருந்திருக்கிறார். தப்பாகச் சொல்வதையே தினமும் பழகியிருக்கிறார். அதனால் வந்ததா, வயதால் வந்ததா, அல்லது இதுவும் நடிப்பின் உச்சமா? மேசைக்குக் கை தெரியும், காரணம் தெரியாது. எனக்குப் பயமாக இருந்தது. போன் போட்டேன்.

"டீச்சர், கோதை பேசறேனுங்க. சார் பக்கத்துல இருக்காருங்களா?"

"தூங்கறாருங்க."

"அப்ப வெளிப்படையாவே கேக்கறேன். நீங்க நடிக்கத்தானே செய்யறீங்க?"

மரியாதையாகச் சிரித்தார்.

"நடிப்பா? ஆண்டு விழாவுக்குங்களா? அதெல்லாம் தமிழ் டீச்சர் பாத்துக்குவாங்க. நான் கணக்குங்க."

அவர் கேலி செய்கிறார் என்று நம்ப எவ்வளவோ முயன்றேன். முடியவில்லை. ஊருக்கே சொல்லாமல் மறைக்க விதி எழுதியவளுக்கு, இப்போது யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. காரை எடுத்துக்கொண்டு நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

மணி அடித்ததும் இருவரும் சேர்ந்தே வந்து கதவைத் திறந்தார்கள். சிகாமணி சார் சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். டீச்சர் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க," என்று இரண்டு பேரும் வாய் நிறையச் சொன்னார்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். எதிரே அமர்ந்து என்னைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தார்கள். பிறகு சிகாமணி சார், வந்திருப்பது யார் என்று கேட்பது போல டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். அதே நேரம் டீச்சரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்.